ஓசெல் ஸ்டோவாலின் இருபத்து நான்கு விநாடிகள்

1949 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நாலே காலுக்கு, லெமுயல் க்ராக்கெட்டின் சாக்ஸபோன் வாசிப்பு அவருடைய ரெக்கார்டின் எல்லாப் பிரதிகளிலிருந்தும் காணாமல் போனது. பியானோ இருந்தது, டிரம் இருந்தது, முன்னால் பாடும் பெண்ணின் குரலும் இருந்தது. அவள் பாடி முடித்ததும் க்ராக்கெட் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. டெட்ராய்ட் ஜனங்கள் காசு போட்டுக் கேட்டதே அதற்காகத்தான். அந்த இடம் மட்டும் பல் விழுந்த ஈறுபோல வெறுமையாகக் கிடந்தது. ஹேஸ்டிங்ஸ் தெருவில் மீன் பொரித்து விற்ற ஒனீட்டா பிக்கெட், கடை ஜூக்பாக்ஸ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் விலாவில் இரண்டு முறை ஓங்கிக் குத்தினாள். பிறகு முடிதிருத்தும் பீஸ்லியின் கடையிலும் அதே கதை என்று தெரிந்தது. டோலிடோவிலிருந்து ஒனீட்டாவின் நாத்தனார் கடிதம் போட்டாள், அங்கேயும் அப்படித்தானாம். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரிந்துவிட்டது. மீன் கடைக்கு மேல் மாடியில் தாயோடு குடியிருந்த வெர்லீன் ஸ்டோவால் அந்த வாசிப்பை எழுதி முடித்திருந்தாள்.

எழுதுவது எங்கள் தெருவில் புதிய விஷயம் அல்ல. ஜாஸ் வாசிப்பவன் தன் முறை வரும்போது எழுந்து நின்று, அந்த நிமிடத்தில் மனத்தில் எழுவதை வாசிக்க வேண்டும். அதற்கு சோலோ என்று பெயர். அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. ஏற்கெனவே நன்றாக வாசித்தவனின் ரெக்கார்டை வாங்கி, அவன் சோலோவைக் காதால் பிடித்து, ஸ்வரம் ஸ்வரமாகக் காகிதத்தில் எழுதி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் வாசிக்கிற அளவுக்கு உருப்போட வேண்டும். ஐம்பது பேருடையதை இப்படி விழுங்கினால், பிறகு நமக்கென்று ஒன்று தானாக வரும் என்று சொல்வார்கள். பலருக்கு வந்ததே இல்லை. அடுத்தவன் சொன்னதையே காலமெல்லாம் திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பெயர் சொன்னால் அவர்கள் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள்.

வெர்லீனுக்கு அப்போது இருபத்து இரண்டு வயது. காலையில் சலவைக்கூடத்தில் சட்டை தேய்ப்பாள். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, இஸ்திரிச் சூட்டில் சிவந்த கைகளைத் தண்ணீரில் முக்கிவிட்டு ரெக்கார்டைச் சுழல விடுவாள். வேகமான இடம் வந்தால் விரலை ரெக்கார்டின் விளிம்பில் மெல்ல வைத்து அதன் ஓட்டத்தைத் தடுப்பாள். சாக்ஸபோன் அப்போது மாடு கத்துவதுபோல் கீழே இறங்கும், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெரியும். முதலில் வாயால் பாடுவாள். வாயில் வராததை விரலுக்குக் கொண்டுபோக மாட்டாள். இறைச்சிக் கடைக்காரர் பொட்டலம் கட்டும் காகிதத்தில் கோடு போட்டுப் பென்சிலால் எழுதுவாள். இதுவரை எல்லோரும் செய்ததுதான். மற்றவர்கள் ஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. வாசிப்பவர் எங்கே மூச்சு இழுத்தார், எங்கே குழலில் எச்சில் கொதித்தது, எந்த இடத்தில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார் என்பதையும் எழுதினாள். இப்படி ஒன்றுவிடாமல் வழித்து எடுத்தால் எடுத்த இடத்தில் என்ன மிஞ்சும்? எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஜூக்பாக்ஸில் போட்ட காசு வீணாகிறதே என்பதுதான் கோபம்.

“உன் மக எங்க பாட்டையே தின்னுட்டா”, என்று ஒனீட்டா மாடிப்படியில் நின்று வெர்லீனின் தாயிடம் கத்தினாள். “இன்னிக்கு க்ராக்கெட்டு, நாளைக்கு யாரு? ஞாயித்துக்கெழம கோயில்ல பாடற பாட்டையாவது எங்களுக்கு விட்டு வெப்பாளா?”

ஜூன் மாதம் லெமுயல் க்ராக்கெட்டே சிகாகோவிலிருந்து ரயிலேறி வந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்ல சூட்டு, பளபளப்பான காலணி, தூங்காத கண்கள். ரெக்கார்டிலிருந்து போனது போதாதென்று அவருடைய விரல்களிலிருந்தும் அது போய்விட்டதாம். கச்சேரியில் ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள், குழலை வாயில் வைத்தால் வேறு என்னவோ வருகிறது. வெர்லீன் தலை குனிந்தபடி எழுதிய காகிதத்தை எடுத்து அவர் முன்னாலேயே கிழித்துப் பார்த்தாள். பயனில்லை, எழுத்து ஏற்கெனவே அவளுக்குள் இறங்கிவிட்டிருந்தது. பிறகு தன் சாக்ஸபோனில் அவருக்கு வாசித்துக் காட்டினாள். க்ராக்கெட் கண்ணை மூடிக் கேட்டார். “பரவால்லையே, நல்லாத்தான் வாசிச்சிருக்கேன்” என்றார். மூன்று நாள் எங்கள் தெருவிலேயே தங்கி, தன் சொந்த சோலோவை அவளிடமிருந்து வரி வரியாக எழுதிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். ஆனால் அன்று முதல் அவர் அதை அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டவர்போலத்தான் வாசித்தார் என்று கேள்வி.

அவர் போன அன்று வெர்லீனின் தாய் ஐடெல்லா மகளை உட்காரவைத்துப் பேசினாள். ஐடெல்லா பெரிய வீடுகளில் சமையல் செய்தவள். பிள்ளைகளைக் கண்டித்து வளர்த்தவள்.

“விருந்துக்குப் போன எடத்துல கடைசித் துண்டை எடுக்காதேன்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்? பசிச்சாலும் எடுக்கக் கூடாது. அது ஆக்கிப் போட்டவளுக்கு. நீ என்னடான்னா பாத்திரத்தையே தொடச்சு நக்கிட்டு வந்திருக்கே.”

“எழுதுனா சரியா எழுதணும்னுதானம்மா...”

“சரியா எழுது. ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுட்டு வா. உனக்கு அந்த ஒண்ணு இல்லாட்டி உசுரா போயிடும்?”

அதற்குப் பிறகு வெர்லீன் எந்த சோலோவை எழுதினாலும் ஒரு ஸ்வரத்தை வேண்டுமென்றே மாற்றி எழுதினாள். ரெக்கார்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒனீட்டாவும் சமாதானமாகிப் பொரித்த கெளுத்தி மீன் கொடுத்தனுப்பினாள். நாலு வருடத்தில் அறுபது சோலோக்களை அவள் இப்படி உருப்போட்டாள். அறுபது இடங்களில் அறுபது தப்பு ஸ்வரங்கள் அவள் விரலில் படிந்தன. மேடையேறி மனத்துக்குத் தோன்றியதை வாசிக்கத் தொடங்கியபோது, கற்றதெல்லாம் பின்னுக்குப் போய் அந்தத் தப்புகள்தான் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வந்தன. அவற்றை வேறு யாரும் வாசித்ததில்லை. சனிக்கிழமை மாலைகளில் அதைக் கேட்கவே கூட்டம் வந்தது. நியூயார்க்கிலிருந்து ஒரு குழுக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். இத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக எழுந்து போயிருப்பேன்.

வெர்லீனுக்கு அண்ணன் ஒருவன் இருந்தான், பெயர் ஓசெல். வீட்டில் முதலில் சாக்ஸபோனைத் தொட்டவன் அவன்தான். இருபத்து இரண்டு வயதில் கிளியோஃபஸ் ராண்ட் என்பவரின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனான். 1947 அக்டோபரில் ஜார்ஜியாவில் அவர்கள் வந்த கார் மழையில் சறுக்கிப் பாலத்திலிருந்து விழுந்தது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி எங்கள் நிறத்துக்காரர்களை உள்ளே விடுகிற ஆஸ்பத்திரி அல்ல. உள்ளே விடுகிற ஆஸ்பத்திரிக்கு அவனை மரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விழுந்ததிலிருந்து ஒன்பது மணி நேரம் உயிரோடு இருந்தான். செய்தி கடிதமாக வந்து சேர்வதற்குள் ஐந்து நாளாகியிருந்தது. அதற்குள் அங்கேயே புதைத்துவிட்டார்கள். ஐடெல்லா மகன் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் சர்ச்சின் பதிவேட்டில் டீக்கன் வில்லி ஹாப்சன் கடிதத்தில் இருந்த தேதியைப் பார்த்து எழுதினார்.

அவள் அழுதாள், எல்லாத் தாயும் அழுவதுபோலத்தான். ஆனால் அவளை அரித்தது சாவு அல்ல, அந்த ஒன்பது மணி நேரம். அப்போது அவன் பக்கத்தில் யார் இருந்தார்கள், யாராவது கையைப் பிடித்திருந்தார்களா, தண்ணீர் கேட்டானா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். ராண்டுக்கு மூன்று கடிதம் எழுதச் சொன்னாள். அவர் எலும்பு முறிந்து வேறு அறையில் கிடந்ததாகவும், தனக்குத் தெரியாது என்றும், மன்னிக்கும்படியும் பதில் எழுதினார். நல்ல மனிதர், பொய்யாவது எழுதியிருக்கலாம்.

ஓசெல் செத்து இரண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு ரெக்கார்டு வந்தது. அவன் வாசித்துப் பதிவான ஒரே ரெக்கார்டு. சின்னக் கம்பெனி, சில நூறு பிரதி போட்டுவிட்டுக் கடையை மூடிக்கொண்டது. இரண்டாம் பக்கத்தில், பியானோவுக்குப் பிறகு, டிரம்பெட் வருவதற்கு முன்னால், அவனுக்கு ஒரு சோலோ கொடுத்திருந்தார்கள். இருபத்து நான்கு விநாடி. முதல் குளிர்காலம் முழுக்க ஐடெல்லா அதை ஒரு நாளைக்கு இருபது தடவை போட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டாள். சர்ச்சிலிருந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். கேட்ட பிறகுதான் அந்த வீட்டில் சாப்பாடு. வெர்லீன் எதை வேண்டுமானாலும் எழுதலாம், இதை மட்டும் தொடக் கூடாது என்பது சட்டம்.

ஆனால் இரும்பு ஊசி யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை. அது ரெக்கார்டை உழுதுகொண்டேதான் வாசிக்கிறது. 1953இல் ஓசெலின் வாசிப்பு அடுப்பில் எண்ணெய் காயும் சத்தத்துக்குள் எங்கோ அமுங்கிக் கிடந்தது. வேறு பிரதி தேடினார்கள். கிளீவ்லாந்தில் ஒன்று கிடைத்தது, அது இரண்டாக உடைந்திருந்தது. சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு, ரெக்கார்டு முடிந்ததும் ஐடெல்லா கேட்டாள்.

“இன்னும் ரெண்டு வருஷம் வருமா இது?”

“வராதும்மா. அடுத்த கிறிஸ்துமஸ் தாண்டாது.”

“அப்ப நீ எழுதிடு.”

வெர்லீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒண்ணு தப்பா எழுதறேன். ரெக்கார்டும் இருக்கும், நானும் கத்துக்குவேன்.”

“ரெக்கார்டு இருந்து என்ன பண்ண, வெறும் இரைச்சல்? தப்பா ஒண்ணு கலந்தா அது அவன் இல்லடி. முழுசா எடு. அது விருந்தாளிக்குச் சொன்னது. இது நம்ம வீட்டுப் பாத்திரம்.”

“எடுத்த அன்னிக்கு அதுலேர்ந்து போயிடும்மா. அப்புறம் நான் வாசிச்சு, அது நானா மட்டும் இருந்துட்டா? அங்கேயும் இல்லாம இங்கேயும் இல்லாமப் போயிடுவானே.”

ஐடெல்லா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கீரையைச் சூடு பண்ணப் போனாள். தீர்மானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த நாற்பது நாள் தவக்காலத்தில் வெர்லீன் எழுதினாள். இரும்பு ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூங்கில் ஊசி வாங்கினாள். இரைச்சலுக்குள் காதை விட்டு, கிணற்றில் விழுந்த வளையலைத் தேடுவதுபோல ஒவ்வொரு ஸ்வரமாகத் தூக்கினாள். மூச்சு, எச்சில், கால் மாற்றியது எல்லாம் எழுதினாள். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை கடைசிக் கோட்டைப் போட்டுப் பென்சிலை வைத்தாள். இருவரும் ரெக்கார்டைப் போட்டுக் கேட்டார்கள். ஓசெல் அங்கேயே இருந்தான், இரைச்சலுக்குப் பின்னால், பழையபடி. மூன்று வாரம் சரிபார்த்தாள். எங்கும் தப்பில்லை. ரெக்கார்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் தாயை உட்காரவைத்து வாசித்துக் காட்டினாள்.

“நல்லா இருக்கு”, என்றாள் ஐடெல்லா. “ஆனா இது ஓசெல் இல்ல.”

“எந்த எடத்துலம்மா தப்பு?”

“தப்பே இல்லியே. அதான் சொல்றேன். நடுவுல ஒரு எடத்துல அவனுக்கு மூச்சு பத்தல. சின்ன வயசுலேர்ந்தே நெஞ்சு வீக்கு. அங்க லேட்டாப் பிடிச்சான், பிடிச்சது கீச்சுன்னு பெசகிடுச்சு. அஞ்சு வருஷமா நான் அந்தக் கீச்சுக்காகத்தான் காத்துட்டு உக்காந்திருக்கேன். நீ அத எங்க கொண்டு போய் ஒளிச்சு வெச்சே?”

வெர்லீன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ரெக்கார்டு தேய்ந்த கீறல் என்று தான் தள்ளிவிட்ட சத்தம் அண்ணனுடைய பிசகுதான் என்று அப்போது புரிந்தது. எழுதுகிறவர்களுக்கே உரிய தப்பு இது. பிடித்தமானவன் வாசிக்கும்போது, அவன் வாசித்ததை விட்டுவிட்டு அவன் வாசிக்க நினைத்ததை எழுதிவிடுவார்கள். சிறுவயதில் ஓசெல் எதையாவது உடைத்தால் நான்தான் உடைத்தேன் என்று முன்னால் வந்து நிற்பவள் அவள். செத்த பிறகும் அதையே செய்திருக்கிறாள். அந்த இடத்தில் எழுதியிருந்த அழகான ஸ்வரத்தை ரப்பரால் அழித்துவிட்டு, ஒரு மூச்சு அளவு காலி விட்டு, கீச்சுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள். போடும்போது அழுதாள் என்று ஐடெல்லா சொல்லியிருக்கிறாள்.

ரெக்கார்டைப் போட்டார்கள். பியானோ வந்து முடிந்தது. அதன்பின் இருபத்து நான்கு விநாடி டிரம்மும் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் மட்டும் யாருக்கோ துணைக்கு வாசித்துக்கொண்டிருந்தன. இரைச்சல்கூட இல்லை, வாங்கிய அன்று இருந்த மாதிரி துடைத்த அமைதி. பிறகு டிரம்பெட் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஐடெல்லா ரெக்கார்டைச் சுழல விட்டாள், வெர்லீன் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். காலி வந்ததும் வாசித்தாள். ஐடெல்லா எழுந்து போய் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். கீழே மீன் கடையில் வரிசையில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். ஓசெலை அறிந்தவர்களுக்கு இரண்டாவது முறை கேட்கத் தேவைப்படவில்லை. அவள் தன் விரலில் இருந்த எதையும் அங்கே கலக்கவில்லை, கலக்க நினைத்தாலும் முடியவில்லையாம். அந்த இடம் வந்ததும் மூச்சு அவளுடையதாக இருக்காது.

ஒரு வருடம் இப்படியே, ஒரு மயிரிழை மாறாமல் போயிற்று. 1954 இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, கடைசி வரி வேறு மாதிரி முடிந்தது. வெர்லீன் பயந்துபோய், தான் எதையும் மாற்றவில்லை, விரல் தானாகப் போனது என்று சத்தியம் செய்தாள்.

“நீ ஏன் மாத்தப் போறே”, என்றாள் ஐடெல்லா. “அவனுக்கு இந்த மாசத்தோட முப்பது ஆகுது. இருபத்தி மூணு வயசுப் பையன் மாதிரியே வாசிச்சுட்டு இருப்பானா?”

அன்று முதல் அந்த வீட்டில் ஞாயிறு மதியம் ஓசெல் வயதாகிக்கொண்டு வந்தான். 1955இல் அவசரம் குறைந்தது. 1957இல் வாசிப்பில் ஒரு குழைவு வந்து சேர்ந்தது. யாரோ ஒருத்தி வந்திருக்கிறாள், நல்ல பெண்தான் போலிருக்கிறது என்று ஐடெல்லா அக்கம்பக்கத்தில் சொன்னாள். “அப்ப மொய் எழுதணுமா சிஸ்டர் ஸ்டோவால்?” என்று பீஸ்லி கிண்டல் செய்தார். மறு வருடம் அந்தக் குழைவு திடீரென்று போய்விட்டது. அந்த மாதம் முழுக்க அவன் குறைவாகத்தான் வாசித்தான், ஐடெல்லா யாரிடமும் பேசவில்லை. நியூயார்க் குழுக்காரர் மூன்றாவது முறை ஆள் அனுப்பியது அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியாது என்று வெர்லீன் சொன்னாள். ஞாயிறு இல்லாத வாரம் எந்தக் குழுவில் உண்டு? அதோடு அவர்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவளுடைய அந்த அறுபது தப்பு ஸ்வரங்கள் எங்கள் ஊரோடு நின்றுவிட்டன. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு. அவளுக்கு இருந்ததா என்று நான் கேட்கவில்லை, கேட்கும்படியான முகத்தை அவள் வைத்துக்கொண்டதும் இல்லை.

1959இல் அரசாங்கம் அகலச் சாலை போட ஹேஸ்டிங்ஸ் தெருவைத் தரைமட்டமாக்கியது. மீன் கடை, முடிதிருத்தும் கடை, சர்ச் எல்லாம் போயின. தெரு இருந்த இடத்தில் பள்ளம் தோண்டி அதற்குள் கார் விட்டார்கள். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பன்னிரண்டாம் தெருப் பக்கம் போனோம். மற்றவர்கள் மேஜை நாற்காலியை வண்டியில் ஏற்றினார்கள், ஐடெல்லா ரெக்கார்டைத் தலையணை உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனாள். புது வீட்டில் முதல் ஞாயிறு ஓசெல் கொஞ்சம் தடுமாறினான். அறை பழக வேண்டும் அல்லவா.

1967 ஜூலையில் பன்னிரண்டாம் தெரு பற்றி எரியத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சன்னலைச் சாத்தியும் புகை உள்ளே வந்தது. வெர்லீன் அன்றும் வாசித்தாள். அன்றுதான் முதல்முதலாக அவன் வாசிப்பின் நடுவே இருமினான். வெர்லீன் இருமவில்லை, இருமல் குழலுக்குள்ளிருந்து வந்தது. அதன்பிறகு அது நிற்கவே இல்லை. நெஞ்சு வீக்கு என்பது தெரிந்த விஷயம்தான். 1968 முழுக்க ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நாற்பது இருந்த இடத்தில் இருபது, பிறகு பன்னிரண்டு. ஐடெல்லா தன் நாற்காலியை ஒவ்வொரு வாரமும் சாண் சாணாக முன்னால் நகர்த்தினாள். வாசிக்கும்போது சாக்ஸபோனின் வாய்மேல் கையை வைத்துக்கொள்வாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

“டாக்டர்கிட்ட காட்டினா என்ன?” என்று ஒனீட்டா கேட்டாளாம்.

“யார்கிட்ட காட்டச் சொல்றே? சாக்ஸபோனத் தூக்கிட்டுப் போய் வரிசையில நிக்கவா?” என்றாளாம் ஐடெல்லா. இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு இரண்டு பேரும் அழுதார்கள்.

1969 பிப்ரவரியில் இரண்டாவது ஞாயிறு. வெளியே முழங்கால் அளவு பனி. பகல் ஒரு மணிக்கு ரெக்கார்டைப் போட்டார்கள். பியானோ முடிந்து காலி வந்தது. அன்று அந்தக் காலி முடியவில்லை. ஊசி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, டிரம்மும் பாஸும் அலுக்காமல் துணைக்கு வாசித்தன, டிரம்பெட் வரவில்லை. ஓசெல் மெல்ல, விட்டு விட்டு வாசித்தான். ஒரு ஸ்வரம், பிறகு நீண்ட மூச்சு, பிறகு இன்னொன்று. இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. வெர்லீனின் உதடு வெடித்து ரத்தம் வந்தது, அவள் குழலை எடுக்கவில்லை. விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்தார் ஓசைப்படாமல் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். நானும் நின்றேன். ஐடெல்லா இடது கையால் சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதை நீவிக்கொண்டே பேசினாள். சின்ன வயசில் அவன் செய்ததையெல்லாம் சொன்னாள். சோள ரொட்டி திருடித் தின்றது, முதல் நாள் பள்ளிக்கூடத்தில் காற்சட்டையை நனைத்தது எல்லாம். நடுவில் ஒருமுறை, “தண்ணி வேணுமாடா?” என்றாள். ஒரு தம்ளர் கொண்டுவரச் சொல்லி, விரலை நனைத்துக் குழலின் விளிம்பில் தடவினாள். அதற்குப் பிறகு வந்த ஸ்வரம் கொஞ்சம் தெளிவாக இருந்தது, எல்லோரும் கேட்டோம்.

தெருவிளக்கு போடுகிற நேரத்தில் ஒரு ஸ்வரம் நீளமாக வந்தது. அது முடிந்த பிறகு வெறும் காற்று வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. ஊசி நகர்ந்தது, டிரம்பெட் எதுவுமே நடக்காததுபோல உற்சாகமாக ஆரம்பித்தது. ஐடெல்லா எழுந்து ஊசியைத் தூக்கினாள். வெர்லீன் அப்படியே தரையில் உட்கார்ந்து, 1947இல் தாயைத் தேற்றுகிற வேலையில் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதாள். ஐடெல்லா அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அந்தக் காலியில் வெர்லீன் வாசித்துப் பார்த்தாள். அவளுடைய மூச்சுதான் வந்தது. அதோடு அந்த ரெக்கார்டைப் போடுவதை விட்டுவிட்டார்கள்.

சாவு வீட்டுக்கு அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுபோவது எங்கள் வழக்கம். அவன் போன மறுநாள், திங்கட்கிழமை காலையிலேயே வரத் தொடங்கிவிட்டார்கள். பன்றித் தொடை வறுவல், மக்கரோனி, வெண்ணெய் கேக், ஒனீட்டாவின் மீன். ஒரே ஆளுக்கு இரண்டாவது தடவை என்று யாரும் முணுமுணுக்கவில்லை. டீக்கன் ஹாப்சன் எண்பது வயதில் தடி ஊன்றிக்கொண்டு, சர்ச்சின் பழைய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி மாடியேறி வந்தார். ஓசெலின் பெயர் இருக்கும் பக்கத்தைப் புரட்டி வைத்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார்.

“சிஸ்டர் ஸ்டோவால், பழைய தேதி ஒண்ணு இதுல இருக்கு. அதை அடிச்சுட்டுப் புதுசு எழுதட்டுமா?”

“அடிக்காதீங்க, அதுவும் நடந்ததுதானே”, என்றாள் ஐடெல்லா. “அதுக்குக் கீழேயே நேத்து தேதியையும் எழுதுங்க. பக்கத்துல, அம்மா கூட இருந்தாள்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க.”

டீக்கன் அப்படியே எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டுப் பதிவேட்டை மூடினார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு மற்றவர்களோடு சாப்பிட உட்கார்ந்தார்.